திரையா, நோட்டுப் புத்தகமா, கூட்டமா? வீட்டு ரோயிங் மெஷினில் தொடர்ந்து உட்கார எது கைகொடுக்கும்

வீட்டில் ரோயிங் மெஷின் (உட்கார்ந்தபடியே துடுப்புப் போடுவது போல இழுக்கும் உடற்பயிற்சி மெஷின்) வாங்கியவர்களில் பலர் இரண்டு மூன்று மாதத்தில் ஒரே இடத்துக்கு வந்து நிற்கிறார்கள். "மெஷின் நல்லாத்தான் இருக்கு, உட்காரத்தான் மனசு வரல." இதற்குக் கிடைக்கும் யோசனைகளைக் கூட்டிக் கழித்தால் நாலு வகைக்குள் அடங்கிவிடும். எதிரே டிவி வை. மாதச் சந்தா கட்டி ஆன்லைன் வகுப்பில் சேர். ஒரு பயிற்சித் திட்டத்தை எடுத்துக்கொண்டு எண்களைக் குறித்துக்கொண்டே போ. இல்லாவிட்டால் நாலு பேரோடு சேர்ந்து செய். நாலிலும் பலன் அடைந்தவர்கள் இருக்கிறார்கள். யாருக்கு எது என்று பார்க்காமல் தேர்ந்தெடுக்கும்போதுதான் காசும் காலமும் போகிறது.

என் கட்சி எது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். முக்கால்வாசிப் பேருக்கு நோட்டும் பேனாவும் போதும். திரை அதற்குப் பக்கவாத்தியமாக இருக்கலாம். சந்தா கடைசியில் வர வேண்டியது.

காரணம் இந்த மெஷினின் பிறப்பிலேயே இருக்கிறது. கான்செப்ட்2 நிறுவனத்தை 1976-ல் ஆரம்பித்த ட்ரைஸிகாக்கர் சகோதரர்கள் முதலில் செய்தது துடுப்பு. படகு ஓட்டுபவர்கள் குளிர்காலத்தில் ஆறு உறைந்திருக்கும்போதும் பயிற்சி செய்ய வேண்டும் என்பதற்காக 1981-ல் முதல் மெஷின் வந்தது. அதில் உட்கார்ந்தவர்களுக்கு வசந்தகாலத்தில் போட்டி காத்திருந்தது. எதற்கு இழுக்கிறோம் என்ற கேள்வியே வரவில்லை. அவர்களுக்கும் அலுத்தது என்பது வேறு விஷயம். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கை அமெரிக்கா புறக்கணித்த பிறகு பாஸ்டன் பக்கத்து வீரர்கள் சிலர், குளிர்காலப் பயிற்சியின் அலுப்பைப் போக்க மெஷினிலேயே ஒரு போட்டி வைத்துக்கொண்டார்கள். கிராஷ்-பி என்ற பெயரில் அது பெரிதாக வளர்ந்தது. உலகத்தர வீரர்களே அலுப்புக்கு மருந்தாகப் பிடித்தது ஒரு தேதியையும் ஒரு தூரத்தையும்தான். நம் வீட்டுக்கு மெஷின் மட்டும் வந்து சேர்ந்திருக்கிறது. தேதியும் தூரமும் வரவில்லை.

முதலில், இது அலுப்புதானா?

"போர் அடிக்குது" என்பவரை மெஷினில் உட்காரச் சொல்லிப் பக்கத்தில் நின்று பாருங்கள். பெரும்பாலும் விசிறிக் கூண்டின் ஓரத்தில் இருக்கும் டேம்பர் என்ற நெம்புகோல் 10-ல் நிற்கும். நிமிடத்துக்கு முப்பது முறைக்கு மேல் இழுப்பார். ஐந்தாவது நிமிடத்தில் வாயால் மூச்சு, எட்டாவது நிமிடத்தில் கடிகாரத்தை முறைப்பு. தினமும் காலையில் பரீட்சை எழுதச் சொன்னால் யாருக்குத்தான் எழுந்திருக்க மனசு வரும்? இவருக்கு டிவி வாங்கிக் கொடுத்துப் பிரயோஜனமில்லை.

டேம்பரை எடை கூட்டும் பொத்தான் என்று நினைத்துக்கொள்கிறோம். காற்று விசிறி மெஷினில் அது கூண்டுக்குள் எவ்வளவு காற்று நுழையலாம் என்பதை மட்டும்தான் தீர்மானிக்கிறது. 10-ல் கனமான கட்டைப் படகை இழுக்கிற மாதிரி இருக்கும், 3-ல் ஒல்லியான பந்தயப் படகு. புதியவர்கள் 3 முதல் 5-க்குள் வைத்துக்கொள்ளுங்கள் என்று தயாரிப்பாளரே சொல்கிறார். எவ்வளவு கடினம் என்பது நீங்கள் காலால் எவ்வளவு விசையாக உதைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

அடுத்தது வேகம். மானிட்டரில் பெரிதாகத் தெரிவது 500 மீட்டருக்கு எத்தனை நிமிடம் என்கிற எண், ஸ்ப்ளிட் என்பார்கள். வேகத்துக்குத் தேவையான சக்தி அந்த வேகத்தின் மும்மடி கணக்கில் ஏறும், அதாவது வேகம் இரண்டு மடங்கானால் சக்தி எட்டு மடங்கு. 500 மீட்டரை 3 நிமிடத்தில் கடக்க 60 வாட் போதும். இரண்டரை நிமிடத்துக்கு 104 வாட். இரண்டே நிமிடத்தில் கடக்க 203 வாட். கடைசி அரை நிமிடத்தைக் குறைக்க ஏறக்குறைய இரண்டு மடங்கு உழைப்பு! "நேற்றைவிட இன்று கொஞ்சம் வேகமாக" என்று தினமும் கிளம்புகிறவர் இரண்டே வாரத்தில் சுவரில் முட்டிக்கொள்வது இதனால்தான். மனவுறுதிக்கு இதில் பங்கில்லை, கணக்கு அப்படி.

ஆகவே எந்த வழியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னாலும் இரண்டு வாரம் வேண்டுமென்றே மெதுவாகச் செய்து பாருங்கள். டேம்பர் 4, நிமிடத்துக்கு 18 முதல் 22 இழுப்பு, பக்கத்தில் யாராவது கேட்டால் மூச்சு வாங்காமல் ஒரு முழு வாக்கியம் பதில் சொல்ல முடிகிற வேகம். முதலில் கால், அப்புறம் உடம்பு, கடைசியில் கை. திரும்பி வரும்போது இதே வரிசை தலைகீழாக. இழுப்பதைவிடத் திரும்பி வருவதற்கு நேரம் அதிகம் எடுத்துக்கொள்ளுங்கள். இருபது நிமிடத்தில் உட்காரும் இடம் மரத்துப்போவது பலருக்கு உண்டு. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இறங்கி ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு ஏறினால் போதும். இறங்கினால் பாவம் என்று எந்தச் சட்டமும் இல்லை. (முதுகுத்தட்டுப் பிரச்சினையோ இதய நோயோ இருப்பவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு ஆரம்பிப்பது நல்லது.)

இதற்கப்புறமும் அலுப்பாக இருந்தால் அது நிஜமான அலுப்பு. இனி ஒவ்வொரு வழியாகப் பார்க்கலாம்.

எதிரே ஒரு டிவி

ட்ரெட்மில்லிலும் சைக்கிளிலும் தலை ஒரே இடத்தில் இருக்கும். இங்கே ஒவ்வொரு இழுப்புக்கும் தலை ஒரு மீட்டர் அளவுக்கு முன்னும் பின்னும் போய்வருகிறது. சப்டைட்டில் படிக்கவே முடியாது. விசிறியின் சத்தம் வசனத்தை விழுங்கிவிடும். டிவி சத்தத்தைக் கூட்டினால் அடுத்த அறையிலிருந்து குரல் வரும். இரண்டு கையும் கைப்பிடியில் இருப்பதால் விளம்பரத்தைத் தள்ள முடியாது. வயர் வைத்த இயர்போன் என்றால் கைப்பிடி அதை எப்படியாவது மாட்டி இழுத்துவிடும். வயர் இல்லாததுதான் சரிப்படும்.

பார்ப்பதற்கு எது ஒத்துவரும் என்றால், என் அனுபவத்தில் முதலிடம் கிரிக்கெட்டுக்கு, அதிலும் டெஸ்ட் மேட்ச். வசனம் தேவையில்லை, ஒரு ஓவரைத் தவறவிட்டாலும் குடிமுழுகாது. இரண்டாமிடம் மெகா சீரியல். ஒரே முகத்தை மூன்று தரம் காட்டுவார்கள், பாதி கேட்டாலே கதை விளங்கிவிடும். நல்ல த்ரில்லர் படத்தை மெஷினில் உட்கார்ந்து பார்க்காதீர்கள். படமும் கெடும், இழுப்பும் கெடும்.

இழுப்பு கெடுவதுதான் திரையின் முக்கியமான குறை. கவனம் வெளியே போனதும் முதுகு வளைய ஆரம்பிக்கும், கால் உதைப்பதற்கு முன்னாலேயே கை இழுத்துவிடும். டிவி பக்கவாட்டில் இருந்தால் கழுத்தைத் திருப்பியபடியே நூற்றுக்கணக்கான தடவை இழுப்பீர்கள். நேர் எதிரே, கண் மட்டத்தில் வைக்க இடமில்லையென்றால் இந்த வழியை விட்டுவிடுவதே மேல்.

பாட்டு இதைவிடத் தேவலை. அதிலும் ஒரு வில்லங்கம் உண்டு: குத்துப் பாட்டு போட்டால் கை தானாகத் தாளத்துக்கு ஓடும், இழுப்பு முப்பதுக்கு ஏறிவிடும். நிமிடத்துக்கு 20 என்றால் மூன்று விநாடிக்கு ஒரு இழுப்பு. அதற்கு நிதானமான மெலடிதான் பொருந்தும். குத்துப் பாட்டை, விட்டு விட்டு வேகமாக இழுக்கும் நாளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

மொத்தத்தில் நிதானமாக, நீளமாக இழுக்கும் நாளுக்குத் திரை நல்ல துணை. "இன்றைக்கு ஏன் உட்கார வேண்டும்" என்ற கேள்விக்கு அதனிடம் பதில் கிடையாது, ஏனென்றால் அதே மேட்சை சோபாவிலும் பார்க்கலாம்.

சந்தா கட்டும் வகுப்புகள்

அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு இதில் தேர்வு அதிகம். ஹைட்ரோ மெஷினில் பெரிய திரை உண்டு. பயிற்சியாளர் நிஜமான ஆற்றில், நிஜப் படகில் துடுப்புப் போட்டுக்கொண்டே பேசுவார். பெலோட்டன் நிறுவனமும் 2022-ல் ஒரு ரோயிங் மெஷின் கொண்டுவந்தது. எர்காட்டா வேறு மாதிரி: ஆள் பேச மாட்டார், எல்லாமே பந்தயமும் கேமும்தான். மரச்சட்டமும் தண்ணீர்த் தொட்டியும் உள்ள வாட்டர்ரோவர் மெஷின் மேல் அதைக் கட்டியிருக்கிறார்கள். காற்று விசிறியின் இரைச்சலுக்குப் பதில் தண்ணீர் சலசலக்கும். அதுவே சிலருக்குப் பெரிய ஈர்ப்பு.

இவற்றின் பலம் ஒன்றே ஒன்று, ஆனால் பெரியது: யோசிக்க வேண்டியதில்லை. பொத்தானை அழுத்தினால் இருபது நிமிடம் யாரோ ஒருவர் உங்களை நடத்திச் செல்வார். வேலையிலிருந்து களைத்து வந்து, இன்றைக்கு என்ன செய்வது என்று முடிவெடுக்கக்கூட மனசில்லாதவர்களுக்கு இது வரம்தான்.

பலவீனம் இரண்டு. மெஷின் விலைக்கு மேல் மாதச் சந்தா. ஹைட்ரோவுக்கு மாதம் நாற்பது டாலருக்கு மேல். கட்டுவதை நிறுத்தினால் எதற்காக அந்த மெஷினை வாங்கினீர்களோ அந்த வகுப்புகள் போய்விடும். இரண்டாவது, நான் முன்னே சொன்ன களைப்பு. உற்சாகப்படுத்துவதுதான் பயிற்சியாளரின் தொழில், "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்றுதான் சொல்வார். வகுப்புகளில் நிதானமானவையும் இருக்கின்றன, ஆனால் கை போவது என்னவோ வேகமான வகுப்புக்குத்தான். நாற்பதைத் தாண்டியவர் வாரத்தில் ஐந்து நாளும் அப்படிச் செய்தால் ஆறாவது வாரம் மெஷின் பக்கமே போக மாட்டார்.

பணம் கொடுத்துவிட்டோமே என்பதற்காக உட்காருவோம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஜிம்முக்கு வருடச் சந்தா கட்டிவிட்டுப் பொங்கலுக்கு அப்புறம் போகாமல் விட்டவர்கள் நம் தெருவிலேயே எத்தனை பேர் இருக்கிறார்கள்?

காசில்லாமல் இந்த ருசியைப் பார்க்கவும் வழி இருக்கிறது. யூடியூபில் ரோஅலாங், டார்க் ஹார்ஸ் ரோயிங் போன்ற சேனல்களில் கூடவே செய்யும் வீடியோக்கள் நிறைய. கேம் மாதிரி வேண்டுமென்றால் ப்ளூடூத் உள்ள மானிட்டரோடு இணையும் இஎக்ஸ்ஆர் போன்ற ஆப்கள் உண்டு. ஒரு மாதம் யூடியூப் வகுப்புகளை முடித்துவிட்டு, இன்னும் வேண்டும் என்று தோன்றினால் அப்புறம் சந்தாவைப் பற்றி யோசிக்கலாம்.

நோட்டும் திட்டமும்

இதுதான் என் தேர்வு என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

இந்த மெஷினில் உள்ள அரிய விஷயம், அதன் எண்கள் உண்மையானவை. கான்செப்ட்2 மானிட்டர் ஒவ்வொரு இழுப்புக்கும் விசிறியின் வேகம் எப்படிக் குறைகிறது என்பதை அளந்து கணக்குப் போடுகிறது. டேம்பர் எங்கே இருந்தாலும் உங்கள் 5000 மீட்டரும் மெல்போர்னில் இருப்பவரின் 5000 மீட்டரும் ஒன்றுதான். நடைப்பயிற்சி ஆப்பும் கைக்கடிகாரமும் சொல்லும் கலோரி மாதிரி குத்துமதிப்பு கிடையாது. இப்படி ஒரு அளவுகோல் கையில் இருக்கும்போது அதைக் குறித்துவைக்காமல் விடுவது நஷ்டம்.

எதைக் குறிப்பது? தேதி, தூரம், நேரம், இழுப்பு எண்ணிக்கை, அப்புறம் ஒரே ஒரு சொல்: "லேசு", "கால் கனம்", "தூக்கமில்லை" என்று எதுவோ. அந்தச் சொல்தான் பின்னால் உதவும். 5000 மீட்டருக்கு 25 நிமிடம், அதாவது 2:30 ஸ்ப்ளிட், நிமிடத்துக்கு 20 இழுப்பு என்று ஒரு மாதம் முழுக்க ஒரே எண் இருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் முன்னேற்றமே இல்லை. ஆனால் மாத ஆரம்பத்தில் "மூச்சு வாங்கியது" என்று எழுதிய இடத்தில் மாதக் கடைசியில் "லேசு" என்று எழுதியிருப்பீர்கள். அதைக் கண்ணால் பார்ப்பது வேறு எந்தத் திரையும் தராத சந்தோஷம்.

வெறும் குறிப்பு மட்டும் இருந்தாலும் அலுக்கும், ஏனென்றால் தினமும் அதே 5000 மீட்டர். அதற்குத்தான் திட்டம். புதியவர்களுக்கு நெடுங்காலமாகப் புழக்கத்தில் இருப்பது பீட் ப்ளான் என்ற இலவசத் திட்டத்தின் ஆரம்பநிலை வடிவம். 24 வாரம், வாரத்துக்கு மூன்று நாள் கட்டாயம், இரண்டு நாள் விருப்பம். ஒரு நாள் நீளமாக, நிதானமாக. இன்னொரு நாள் 500 மீட்டர் இழுத்துவிட்டு ஓய்வு, மறுபடி 500 மீட்டர். அந்த மூன்று-இரண்டு கணக்குதான் எனக்குப் பிடித்தது. மாமியார் ஊரிலிருந்து வந்த வாரத்தில் மூன்று நாள் செய்தாலும் திட்டம் உடையவில்லை. தினமும் செய்தாக வேண்டும் என்ற சங்கற்பம் ஒரு நாள் தவறினாலே முறிந்துபோகிறது. 24 வாரம் நீளமாகத் தோன்றினால் கான்செப்ட்2 தளத்தில் தினம் ஒரு பயிற்சி, சிறியது நடுத்தரம் பெரியது என்று மூன்று அளவில் மின்னஞ்சலில் அனுப்புகிறார்கள். அதுவும் இலவசம்தான்.

இலக்கு வைப்பதில் ஒரு யோசனை. வேகத்தில் வைக்காதீர்கள், மும்மடிக் கணக்கு உங்களைச் சீக்கிரமே தோற்கடிக்கும். தூரத்தில் வையுங்கள். வாரத்துக்கு நாலு தடவை 5000 மீட்டர் என்றால் ஐம்பது வாரத்தில் பத்து லட்சம் மீட்டர், அதாவது ஆயிரம் கிலோமீட்டர். சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குப் போய்விட்டு, திரும்பி வரும் வழியில் திருச்சியை நெருங்கிவிடலாம். கான்செப்ட்2-வின் ஆன்லைன் பதிவேட்டில் பத்து லட்சம் மீட்டர் முடித்தவர்களுக்கு ஒரு சங்கமே இருக்கிறது. தூரம் ஏறத்தான் செய்யும், இறங்காது. காய்ச்சலில் பத்து நாள் படுத்தாலும் விட்ட இடத்திலேயே காத்திருக்கும்.

இந்த வழியின் குறையையும் சொல்ல வேண்டும். எண் பைத்தியம் பிடிக்கும் சுபாவம் உள்ளவர்களுக்கு இது ஆபத்து. உடம்பு முடியாத நாளிலும் நேற்றைய எண்ணைத் தொட்டே தீருவேன் என்று இழுப்பார்கள். அவர்களுக்கு மானிட்டரின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டு இருபது நிமிடம் இழுக்கும் நாள் வாரத்தில் ஒன்று இருக்க வேண்டும்.

நாலு பேரோடு

துடுப்புப் போடுவது அடிப்படையில் கூட்டு வேலை. சென்னையில் 1867-ல் தொடங்கிய மெட்ராஸ் போட் கிளப்பும் கொழும்பு ரோயிங் கிளப்பும் 1898 முதல் ஒன்றோடு ஒன்று போட்டியிட்டு வருகின்றன. படகில் நாலு பேர் காத்திருக்கும்போது ஐந்தாவது ஆள் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்ள முடியாது. அந்த நெருக்கடியை வீட்டில் உண்டாக்கிக்கொள்வதுதான் இந்த வழி.

எளிய வடிவம் வாட்ஸப் குழு. முடித்ததும் மானிட்டரைப் படம் எடுத்துப் போட வேண்டும். "என்ன மச்சான், ரெண்டு நாளா ஆளையே காணோம்?" என்று ஒருவர் கேட்டால் போதும், சாயங்காலம் படம் வந்துவிடும். ஆனால் குழுவில் ஒரு இருபத்தைந்து வயது இளைஞர் தினமும் 1:50 ஸ்ப்ளிட் போட ஆரம்பித்தால் மற்றவர்கள் மெல்ல அடங்கிப்போவார்கள். இதைத் தவிர்க்க, வேகத்தைப் பேசக்கூடாது, வாரத்தின் மொத்த மீட்டரை மட்டும் போட வேண்டும் என்று ஆரம்பத்திலேயே விதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆள் கிடைக்காதவர்களுக்கு கான்செப்ட்2-வின் சவால்கள் இருக்கின்றன. பெரியது வருடக் கடைசியில் வருவது: அமெரிக்கர்களின் தேங்க்ஸ்கிவிங் நாளிலிருந்து (நவம்பர் நாலாவது வியாழன்) டிசம்பர் 24 வரைக்குள் ஒரு லட்சம் அல்லது இரண்டு லட்சம் மீட்டர். ஒரு லட்சத்தை முப்பது நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 3,300 சொச்சம் மீட்டர், 2:30 வேகத்தில் ஏறக்குறைய 17 நிமிடம். நடுத்தர உடல்வாகு உள்ளவரால் முடிகிற காரியம்தான். சவால் முடிந்த மறுநாள் ஒரு வெறுமை வரும், அதற்கு ஜனவரி முதல் வாரத்தில் மேலே சொன்ன திட்டத்தை ஆரம்பிப்பது நல்லது. கூட்டம் ஆரம்பித்துவைக்க உதவும். வருடம் முழுக்க அதை நம்பியிருக்க முடியாது. குழு ஓய்ந்தால் நாமும் ஓய்ந்துவிடுவோம்.

உங்கள் மெஷின் எது?

தேர்வில் பாதியை இதுவே முடிவு செய்துவிடும். இருபது முப்பதாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் காந்த மெஷின்களின் சின்னத் திரை இழுப்பை எண்ணும், நேரம் காட்டும். அது சொல்லும் தூரத்தையும் கலோரியையும் நம்பி இலக்கு வைக்க வேண்டாம். நேரத்தைக் குறியுங்கள்: வாரத்துக்கு எத்தனை நிமிடம் என்று. வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான பயிற்சி என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் அளவு; அதையே இலக்காக வைக்கலாம். இந்த மெஷின்கள் சத்தம் போடாதவை என்பதால் டிவி வழி இவற்றுக்கு நன்றாகப் பொருந்தும். ஒரு லட்சத்துக்கு மேல் கொடுத்து காற்று விசிறி மெஷின் வாங்கியவர், அதன் உண்மையான மானிட்டரைப் பயன்படுத்தாமல் டிவி மட்டும் பார்ப்பது காசைக் கரியாக்குவது.

ஃப்ளாட்டில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. அடியில் தடிமனான ரப்பர் விரிப்புப் போடாமல் காலை ஐந்தரைக்கு இழுத்தால் கீழ்வீட்டுக்காரர் படியேறி வருவார். "சார், இவ்ளோ காலைல என்ன சார், மாவு மெஷின் ஓட்றீங்களா?" என்று கேட்டவர் ஒருவர் எனக்குண்டு. சென்னை வெக்கையில் மின்விசிறி நேராக முதுகில் படும்படி வைப்பதும் முக்கியம். மெஷினின் காற்று போதும் என்று நினைக்க வேண்டாம். மடக்கிக் கட்டிலுக்கடியில் தள்ளிய மெஷினை வெளியே இழுப்பதற்கே தனியாக ஒரு மனவுறுதி வேண்டியிருக்கும். இடமிருந்தால் விரித்தே வையுங்கள், துணி காயப்போடாமல்.

சரி, எல்லாம் செய்து பார்த்தும் பிடிக்கவில்லை என்றால்? ஐந்தாவது வழி, விற்றுவிடுவது. ஆறு மாதம் நியாயமாக முயன்றும் வெறுப்பாகவே இருந்தால் அந்த இடத்தை விடுவித்துவிட்டு நடைக்கோ நீச்சலுக்கோ போவதில் எந்தக் கௌரவக் குறைச்சலும் இல்லை. நல்ல காற்று விசிறி மெஷின்கள் பழையதாகவும் மதிப்புள்ள விலைக்குப் போகும். வாங்க வருகிறவர் விவரம் தெரிந்தவராக இருந்தால் மானிட்டரில் மொத்தம் எத்தனை மீட்டர் ஓடியிருக்கிறது என்று பார்ப்பார். அந்த எண் சின்னதாக இருந்தால் கூச்சப்படாமல் காட்டுங்கள், விலை கூடும்.